கதவில் ஒட்டிய விலாசம்

ஜூன் 4

தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், நான் நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் மனு போட்டு உன்னைப் பார்க்க வந்தேனே, அது பார்த்ததில் சேர்த்தியா? கம்பிவலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம் கத்துகிறது, அந்தப் பக்கம் ஒரு கூட்டம் கத்துகிறது. "சாப்பிட்டியாடா" என்று நான் உன்னைக் கேட்டதற்கு உன் பக்கத்தில் நின்றவன் "சாப்பிட்டேன்" என்று பதில் சொன்னான். இதற்காகச் சலவைக்கூடத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. இனிமேல் எழுதுகிறேன். நீயும் எழுது. கடிதங்களை ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்களாம். படிக்கட்டும். இதைப் படிக்கிற ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் ஒளிக்க ஒன்றுமில்லை.

உனக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. துள்ளாதே. சொந்த வீடு வைத்திருக்கிற ஒருவர் பத்திரத்தோடு வந்து உனக்காகக் கையெழுத்துப் போட்டால்தான் வெளியே விடுவார்களாம். நமக்குத் தெரிந்தவர்களில் சொந்த வீடு உள்ளவர் நாம் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர் ஒருவர்தான். போய்க் கேட்டேன். "விஷயம் கேள்விப்பட்டதுமே நான் என் வீட்டுப் பூட்டை மாத்திட்டேன்மா, நீ கையெழுத்து வேற கேக்கறியா" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான்.

பிறகு இலவச சட்ட உதவி மையத்துக்குப் போனேன். வாசலில் 'ஏழைகளுக்கு இலவசம்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண், "நீங்க ஏழைன்னு சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டாள். சலவைக்காரம் தின்ற என் கையைக் காட்டினேன். அது செல்லாதாம். சான்றிதழ் தருகிற ஆபீசர் செவ்வாய்க்கிழமைதான் இருப்பார். செவ்வாய்க்கிழமை போனால் அவர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அடுத்த செவ்வாயும் கூட்டம். ஏழையாக இருப்பதைவிட ஏழை என்று நிரூபிப்பதற்கு அதிகச் செலவாகும் போலிருக்கிறது.

இத்தனைக்கும் மூலம் அந்தப் பாழாய்ப்போன ஸ்டிக்கர். அச்சடிக்காதே, அச்சடிக்காதே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஒரு வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, பூட்டுக்கு எண்ணெயும் போட்டுவிட்டு, 'பூட்டு திறக்க, மறுசாவி செய்ய, பேருந்து நிலையத்துக்கு எதிரில்' என்று தன் விலாசத்தையே அந்தக் கதவில் ஒட்டிவிட்டு வருகிற திருடன் உலகத்தில் உண்டா? அதைப் படித்துவிட்டுத்தானே போலீஸ் நேரே உன் கடைக்கு வந்தது? ஆனால் அவர்கள் எழுதிய காகிதத்தில் 'ரகசியத் தகவலின் பேரில் தேடிப் பிடித்தோம்' என்று இருக்கிறதாம். நான் பார்க்கிற ஆளிடமெல்லாம் இதைச் சொல்கிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள், ஒருவரும் எழுதிக்கொள்வதில்லை.

என் மகள் குட்டி, மாமா எங்கே என்று கேட்டுவிட்டு, உன் சுத்தியலை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். திட்டவில்லை.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. படித்துப் பார்க்கிற ஐயா, "உங்கக்கா எனக்கு வணக்கம் சொல்லியிருக்காங்க" என்று சொல்லியபடிதான் நீட்டினார். கொஞ்சம் அடக்கி எழுது.

ஸ்டிக்கரைப் பற்றி நீ சொல்வது எனக்கு ஒப்பவில்லை. வேலை செய்தவன் யார் என்று தெரிய வேண்டாமா? நாளைக்கு அந்தப் பூட்டு மக்கர் பண்ணினால் யாரைத் தேடுவார்கள்? கதவைத் திறக்கச் சொல்லி என்னைக் கூட்டிப்போன ஆள் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். "அம்மாவுக்கு மாத்திரை குடுக்கற நேரம், மாத்திரை உள்ள இருக்கு, சாவியைத் தொலைச்சுட்டேன்" என்றார். கண் கலங்கியிருந்தது. வீடு உங்களுடையதுதானா என்று நான் கேட்கவில்லை. அழுகிற மனிதனிடம் அத்தாட்சி கேட்க நம் அம்மா நமக்குச் சொல்லித் தரவில்லையே. பிறகு அவன் நகையையும் டிவியையும் தூக்கிக்கொண்டு போவான் என்று எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

முக்கியமான விஷயம். ஒரு வக்கீலம்மா வந்தார். நீ எப்படியோ அந்தச் சான்றிதழை வாங்கிவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன். கையில் காய்கறிப் பை, பை நிறையக் கேஸ் கட்டுகள். என்னைப் பார்த்ததும், "சைக்கிள் கேஸ் நீங்கதானே?" என்றார். இல்லை, பூட்டு என்றேன். பையைத் தரையில் வைத்துத் துழாவினார். பாவம், நல்ல மாதிரிதான். ஆனால் எனக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள். நான் ஸ்டிக்கர் கதையை ஆரம்பிப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

போகிறபோது ஒன்று சொன்னார். சின்னக் கேஸ்களையெல்லாம் ஒரே நாளில் முடிக்கிற தினம் ஒன்று அடுத்த மாதம் வருகிறதாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால், இதுவரை உள்ளே இருந்ததையே தண்டனையாக எடுத்துக்கொண்டு அன்றைக்கே விட்டுவிடுவார்களாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் விசாரணை. அது எப்போது என்று அவருக்கே தெரியாது.

எங்கள் அறையில் ஒரு சமையல்காரர் இருக்கிறார். அவரும் இப்படித்தான் செய்யப் போகிறாராம். "மாமியார் வீட்டுல எத்தனை நாள் இருப்பே? ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லு, வேட்டியை உதறிக் கட்டு, போய்க்கிட்டே இரு" என்கிறார். சரியாகத்தான் படுகிறது. ஒரே ஒரு 'ஆமாம்' அக்கா. சொல்லிவிட்டு வந்துவிடுகிறேனே.

சோப்பு அனுப்பு.

தம்பி


ஜூன் 20

டேய்,

சோப்பு அனுப்பியிருக்கிறேன். அதைப் போட்டு முதலில் அந்த 'ஆமாம்' என்கிற வார்த்தையை வாயிலிருந்து கழுவு.

தையல்காரன் திருடினான் என்றால்கூட ஜனங்கள் துணி தைக்கக் கொடுப்பார்கள். பூட்டுக்காரன் திருடினான் என்று கோர்ட்டே எழுதி வைத்துவிட்டால், எந்த மடையன் தன் வீட்டுச் சாவியை உன் கையில் கொடுப்பான்? மாநகராட்சியிலும் போய்க் கேட்டுவிட்டேன். தண்டனை பெற்றவனுக்குக் கடை உரிமம் புதுப்பிக்க மாட்டார்கள். அந்தப் பெஞ்சும், சாவியைக் கவ்விப் பிடிக்கிற வைசும், அரமும் மட்டும்தான் உனக்கு இருக்கிற சொத்து. ஒரு 'ஆமாம்' சொல்லி அதைத் தூக்கிக் குப்பையில் போடப் போகிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். ஆமாம், போனேன், என்ன இப்போது? வீட்டுக்காரம்மா சங்கிலியை மாட்டியபடி கதவை ஒரு சாண் திறந்தார். உன் ஸ்டிக்கர் பூட்டுக்கு மேலே அப்படியே இருக்கிறது. அதைக்கூட நேராக ஒட்டத் தெரியவில்லை உனக்கு. "அம்மா, இதைக் கொஞ்சம் பாருங்க, திருடன் இப்படி ஒட்டிட்டுப் போவானா?" என்று கேட்டேன். நின்று பார்த்தார். ஒரு நிமிஷம் யோசித்தார் என்றுகூடத் தோன்றியது. "நீங்க யாரு?" என்றார். அக்கா என்றேன். கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் கோர்ட்டுக்கு ஓடி உன் வக்கீலம்மாவை மாடிப்படியில் பிடித்தேன். சொன்னேன். "அட, நல்ல பாயிண்ட்டும்மா" என்று பேனாவை எடுத்தார். காகிதம் கிடைக்கவில்லை. உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிடக் கை கழுவப் போய்விட்டார். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். நம் சொல் அம்பலத்து வாசல் குழாயடி வரைக்கும் போயிருக்கிறது.

மறுபடி போவேன். அவர் நெற்றியிலாவது எழுதிவிட்டு வருவேன். நீ வாயை மூடிக்கொண்டு இரு. அது ஒன்றுதான் உன் வேலை.

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

வெளியில் இருக்கிறவர்களுக்கு வீரம் சுலபம்.

இங்கே ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவன் புரண்டால் அந்த வரிசையே புரள வேண்டும். உடம்பெல்லாம் சொறி. சமையல்காரருக்கு அந்தத் தினம் வருவதற்கு முன்பே கேஸ் எடுத்தார்கள். ஆமாம் சொன்னார், எல்லாருக்கும் கைகாட்டிவிட்டுப் போனார். நான் அவர் படுத்த இடத்தில் படுத்திருக்கிறேன்.

கடை, உரிமம், பேர் எல்லாம் என்னுடையது. முடிவும் என்னுடையதாகவே இருக்கட்டும். அத்தான் போனதிலிருந்து எல்லாவற்றையும் நீ ஒருத்தியே முடிவு செய்து பழகிவிட்டாய். எனக்கும் சேர்த்து முடிவு செய்ய உன்னை யாரும் கேட்கவில்லை.

நான் ஒப்புக்கொள்ளப் போகிறேன். இதைப் பற்றி இனி எழுதாதே.

தம்பி


ஜூலை 14

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதவில்லை. ரோஷம் எனக்கும் உண்டு. அத்தான் பேரை இழுத்தாயே, அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். ஏனோ போடவில்லை.

இப்போது எழுதுவதற்குக் காரணம் வேறு. அந்த வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வக்கீலம்மாவை ஒருவழியாகப் பிடித்துக் கையோடு கூட்டிக்கொண்டு போகலாம் என்று அந்தத் தெரு வழியாக முதலில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். கதவு பச்சைப் பசேலென்று நிற்கிறது. ஸ்டிக்கர் இல்லை. அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

சலவைக்கூடத்து மேஸ்திரி, "கோர்ட்டா, வேலையா? ஒண்ணை வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். நீராவி இஸ்திரியிலிருந்து எடுத்து என்னை அழுக்கு மூட்டை பிரிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி குட்டியைப் பார்த்து 'திருடன் வீட்டுப் பொண்ணு' என்றாளாம். இவள் அவளைக் கடித்து வைத்துவிட்டாள். தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்கு ஒரு அரை நாள் போனது.

எனக்குத் தெம்பு இல்லையடா. நீ சொன்னதுதான் சரி. ஒப்புக்கொள். பேரை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா முடியும்? கடை போனால் போகட்டும். இங்கே மூட்டை தூக்க ஆள் தேவைப்படுகிறது, மேஸ்திரி காலில் விழுந்தாவது உன்னைச் சேர்த்துவிடுகிறேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடு.

இருபத்தோராம் தேதி கோர்ட்டுக்கு வருவேன். கடைசிப் பெஞ்சில் இருப்பேன்.

அக்கா


ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்தில் அத்தானைப் பற்றி எழுதியிருக்கக் கூடாது. எழுதியபோதே தெரியும், ஆனாலும் எழுதினேன். அதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. நீ கத்தினால் எனக்குப் பயமில்லை. நீ சும்மா இருந்தால்தான் பயம்.

சமையல்காரர் திரும்பி வந்துவிட்டார்.

ஆமாம் சொல்லிவிட்டுப் போனாரே, அவரேதான். எங்கோ ஒரு விடுதியில் பித்தளைப் பாத்திரம் காணாமல் போயிற்றாம். அவர் அந்தப் பக்கமே போகவில்லை, காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்திருக்கிறார். "அன்னிக்கு ஒத்துக்கிட்டவன்தானே, இன்னிக்கும் நீயாத்தான் இருப்பே" என்று எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். முன்பெல்லாம் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார். இப்போது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். "ஒரு வாட்டி சொன்னா முடிஞ்சிடும்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

அவருக்காவது பாத்திரம். எனக்கு? இந்த ஊரில் உடைக்காமல் ஒரு பூட்டு திறந்திருந்தால் போதும், நம் வீட்டு வாசலில் ஜீப் வந்து நிற்கும். குட்டி பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த 'ஆமாம்' ஒரு தடவையோடு முடியாது அக்கா, ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

நீ சொன்னதுதான் சரி. ஒப்புக்கொள்ள மாட்டேன். எத்தனை நாளானாலும் சரி, இங்கேயே கிடக்கிறேன். நீ எனக்காக அலைந்த அலைச்சலை வீணாக்க மாட்டேன். இருபத்தொன்றாம் தேதி வா. உன் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தைரியம் வரும்.

தம்பி


ஜூலை 22

டேய் முட்டாளே, என் கண்ணே,

எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்தால், வாசலில் உன் கடிதம் கிடக்கிறது. என் கடிதம் உன் கைக்கு வந்திருக்காது, வந்திருந்தால் நீ அப்படிச் செய்திருக்க மாட்டாய். ஒரே நாளில் எழுதியிருக்கிறோம். நான் உன் பக்கம் சாய்ந்துவிட்டேன், நீ என் பக்கம் சாய்ந்துவிட்டாய். இதுவரை நாம் இரண்டு பேரும் எதிலாவது ஒத்துப்போயிருக்கிறோமா?

அந்தக் கூடத்தில் நான் கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன், கேள். ஆடு மாடு கணக்கெடுப்பது போலக் கூப்பிட்டார்கள். பேர் சொல்வார்கள், ஒருவன் எழுந்து நிற்பான், "குற்றத்தை ஒத்துக்கறியா?" "ஆமாங்கய்யா." அடுத்தவன். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உன் முறை வந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். ஆமாம் சொல்லு, சொல்லித் தொலை, வீட்டுக்குப் போகலாம் என்று ஆட்டினேன். நீ என்னவோ நான் ஆசீர்வாதம் பண்ணுகிறேன் என்று எடுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாய்.

"இல்லீங்கய்யா. நான் திருடல. கதவைத் தொறந்தேன், எண்ணெய் போட்டேன், என் ஸ்டிக்கரை ஒட்டினேன். திருடப் போனவன் விலாசம் ஒட்டுவானா?"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நீதிபதி அப்போதுதான் நிமிர்ந்தார். "என்ன ஸ்டிக்கர்?" என்றார். வக்கீலம்மா கட்டைப் புரட்டினார். அதில் இருந்தால்தானே. போலீஸ்காரரைக் கேட்டார், எப்படிப் பிடித்தீர்கள் என்று. "ரகசியத் தகவலுங்க." "யார் குடுத்தது?" "ரகசியங்க." நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார்.

பிறகு காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவருக்குத்தான் அப்பவே ஜாமீன் குடுத்தாச்சே, இன்னும் ஏன் உள்ள இருக்கார்?" என்றார். "ஜாமீன் போட ஆள் கிடைக்கலைங்க" என்றார் வக்கீலம்மா. "சொந்தக் கையெழுத்துல விடச் சொல்லி ஒரு மனு போட்டிருக்கலாமே?" வக்கீலம்மா பையைப் பார்த்தார். உன்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாய். அவ்வளவுதான். விசாரணை இருக்கிறது, ஆனால் நீ வீட்டிலிருந்து வரலாம்.

உன் கையெழுத்து! சொந்த வீடு இல்லை, பத்திரம் இல்லை, வெறும் உன் கையெழுத்து. அதை முதல் நாளே வாங்கியிருக்கலாம். கேட்டால்தான் கொடுப்பார்களாம். இப்படி ஒன்று கேட்கலாம் என்று நமக்கு யார் சொன்னார்கள்? எந்தப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்? நான் வாசலில் நின்று கத்தினேன். வக்கீலம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட எத்தனை கேஸ்னு தெரியுமாம்மா?" என்றார். கண் சிவந்திருந்தது. அவரையும் எவ்வளவுதான் திட்டுவது?

உத்தரவு மாலைக்குள் சிறைக்குப் போய்விடும் என்றார்கள். இந்தக் கடிதம் வருவதற்குள் நீ வந்துவிடுவாய். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா


ஜூலை 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

கோர்ட்டுக்குப் போய் வந்த மறுநாள் உன் பதினான்காம் தேதிக் கடிதத்தைக் கொடுத்தார்கள். ஆக, நீ தலையாட்டியது அதற்கா? சமையல்காரரிடம் படித்துக் காட்டினேன். திரும்பி வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

விடுதலை உத்தரவு வந்ததா என்று தினமும் கேட்கிறேன். வரவில்லை என்கிறார்கள். கோர்ட்டைக் கேள் என்கிறார்கள். நான் எங்கே போய்க் கேட்பது? அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இன்னொரு கூத்து. கடிதம் படிக்கிற ஐயாவின் ஆபீசில் ஒரு ஸ்டீல் அலமாரி இருக்கிறது. சாவி உள்ளேயே முறிந்து மாட்டிக்கொண்டது. ஐந்து நாளாக எதையும் எடுக்க முடியாமல் ஆபீசே தடுமாறுகிறது. நேற்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஏம்பா, நீ பூட்டுக்காரன்தானே? இதைக் கொஞ்சம் தொற" என்றார். பார்த்தேன். ஒரு மெல்லிய கம்பி இருந்தால் பேச்சு முடிவதற்குள் திறந்துவிடலாம்.

"எழுதிக் குடுங்கய்யா" என்றேன்.

"என்னத்தை?"

"நீங்க கேட்டுத்தான் நான் தொறந்தேன்னு. கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கைதிக்கு அப்படியெல்லாம் எழுதிக் கொடுக்க விதியில் இடமில்லையாம். வெளியிலிருந்து ஆள் கூப்பிட மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம், அதற்கான தாளும் அலமாரிக்குள்ளேதான் இருக்கிறதாம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மிரட்டினார். நைசாகப் பேசினார். டீ வாங்கித் தருகிறேன் என்றார். முடியாது என்றேன். அக்கா, எனக்கு மரியாதை தெரியாதா? ஆனால் கேட்டவன் போய்விடுகிறான், திறந்தவன் மாட்டிக்கொள்கிறான். எழுத்தில் இல்லாமல் இனி ஒரு தீப்பெட்டியைக்கூடத் திறக்க மாட்டேன்.

உத்தரவு என்ன ஆயிற்று என்று விசாரி.

தம்பி


ஜூலை 30

டேய்! டேய்! டேய்!

இன்று வருவாய், நாளை வருவாய் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்; உன் கடிதம் வந்ததும் இன்று கோர்ட் ஆபீசில் போய் உட்கார்ந்துகொண்டேன். உன் உத்தரவு எங்கே என்று கேட்டேன். அனுப்பியாச்சு என்றார் குமாஸ்தா. எங்கே காட்டுங்கள், காட்டாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். காட்டினார். அன்று மாலையே ஆள் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் ஆபீசில் ஒருவர் வாங்கிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். அங்கிருந்து பஸ் பிடித்து உங்கள் சிறை வாசலுக்கு வந்தேன். பாராவில் நின்றவரிடம், "மாலையில வர்ற கோர்ட்டுத் தபாலை எங்கய்யா வைப்பீங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் அந்த ஸ்டீல் அலமாரியிலதாம்மா. காலையில எடுத்துப் பார்ப்பாங்க. இப்பத்தான் சாவி முறிஞ்சு கிடக்கே, யாரோ ஒரு பூட்டுக்காரன் தொறக்க மாட்டேன்னு அழிச்சாட்டியம் பண்றானாம்."

எனக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. என்னை உள்ளே விடுங்கள், அவனிடம் நான் பேசுகிறேன் என்றேன். கைதியைப் பார்க்கிற மனு நாள் வியாழக்கிழமைதானாம்.

உன் விடுதலை அந்த அலமாரிக்குள் இருக்கிறதடா. திறந்து தொலை! யாராவது வீட்டைத் திறக்கச் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் திறந்துவிட்டு எண்ணெயும் போடுவாய், உன் சிறையைத் திறக்கச் சொன்னால் சட்டம் பேசுவாயா?

இதைப் படிக்கிற ஐயா, இது உங்களுக்கு. என் தம்பிக்கு முன்னால் நீங்கள்தானே இதைப் படிக்கிறீர்கள்? நல்லதாகப் போயிற்று. என் தம்பியை எனக்குத் தெரியும். பயந்த சுபாவம், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விட மாட்டான். அவன் கேட்கிற இரண்டு வரியை எழுதிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்டீர்கள், அவன் திறக்கிறான், அது உண்மைதானே? உண்மையை எழுதினால் எந்த விதி கோபித்துக்கொள்ளும்? முன்பே ஒருவர் இப்படி ஒரு வார்த்தை எழுதியிருந்தால் அவன் உங்களிடம் வந்தே இருக்க மாட்டான்.

தம்பி, இன்னொன்று. வக்கீலம்மா என்னோடு அந்த வீட்டுக்கு வந்தார். அவராகவே வந்தார், பையில்லாமல். பெயிண்ட் அடித்தவன் சோம்பேறி, ஸ்டிக்கரைச் சுரண்டாமல் மேலேயே அடித்துவிட்டுப் போயிருக்கிறான். தடவிப் பார்த்தால் நாலு விளிம்பும் கையில் தட்டுகிறது. கோணலாகத்தான் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவும் தடவிப் பார்த்தார். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன், வேறு காகிதம் கையில் இல்லை.

காலையில் ஐயா ஒரு கையில் உன் கடிதத்தையும் மறு கையில் ஒரு தாளையும் வைத்துக்கொண்டு வந்தார். "உங்கக்காவுக்கு வக்கீலே வேண்டாம்யா" என்றார். தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்திருந்தார். படித்துப் பார்த்து மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு திறந்தேன். என் உத்தரவு மேலேயே இருந்தது. அதற்குக் கீழே இன்னும் மூன்று பேருடையது இருந்தது. ஒன்று சைக்கிள் கேஸ்காரனுடையது. நாலு பேரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். சமையல்காரருடையது அதில் இல்லை. வக்கீலம்மாவிடம் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காகிதத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நான் ஒரு பூட்டைத் திறந்தேன், ஒருவர் கேட்டதால்தான் திறந்தேன் என்று அரசாங்கம் சீல் வைத்துச் சொல்கிற தாள் அது. அடுத்த வாய்தாவுக்குக் கொண்டு போகிறேன். அந்தக் கேஸுக்கு அது செல்லாது என்பார்கள். தெரியும். இருந்தாலும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து நாழியாகிவிட்டது. நீ வேலைக்குப் போயிருக்கிறாய், வீடு பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டு நான் போட்டதுதான். கொண்டை ஊசி இருந்தால் போதும். எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "உன் வீடுதானேப்பா, நீதான் பூட்டுக்காரனாச்சே, தொறந்துட்டு உள்ள போயேன்" என்றார். "எழுதித் தருவீங்களா?" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் பூட்டைத் தொடக் கை எழவில்லை அக்கா. கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குட்டிக்குப் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். இதைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். நாங்கள் வந்து படியில் காத்திருப்போம்.

நீ வந்து திற.

தம்பி